சேற்றில் விளையும் தங்கம்

மும்பையின் எளிய குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகும் மாந்தேலி மீன், நகரம் வேண்டாத நிலம் என்று ஒதுக்கிய கழிமுகச் சேற்றை நம்பி வாழ்கிறது. தாராவி முதல் செம்பூர் வரை அந்தச் சேற்றுக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்று பார்த்தால் மீனின் எதிர்காலமும் தெரிந்துவிடும்.

தாராவியின் 90 அடிச் சாலையில் மாலை ஆறு மணிக்கு மேல் வேகமாக நடக்க முடியாது. வேலை முடிந்து திரும்பும் கூட்டம், கைவண்டிகள், மல்லிகைச் சரம் விற்பவர்கள், ஆட்டோக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வழி கேட்கும் சாலை அது. நெரிசலின் ஓரத்தில் தரையில் தாள் விரித்து மீன் விற்கும் பெண்கள். வவ்வாலும் பெரிய இறாலும் இருக்கும் கூடைகளைப் பார்த்துவிட்டுப் பேசாமல் நகர்கிறவர்கள், மஞ்சளாக மினுங்கும் ஒரு சிறுமீன் குவியலின் முன் நின்றுவிடுகிறார்கள். “மாவ்ஷி, கைசா தியா?” என்று மும்பை இந்தியில் கேள்வி எழுகிறது. தராசு பெரிய மீனுக்குத்தான். இதைக் கூறு கட்டி விற்கிறார்கள். ஒரு கூறு வாங்கினால் ஒரு வேளைக் குழம்புக்குக் கவலையில்லை.

திருநெல்வேலியிலிருந்து புதிதாக வந்தவர் அதை நெத்திலி என்பார். பெரிய தவறில்லை. நெத்திலிக்கு நெருங்கிய உறவுதான். ஆனால் மும்பையில் அதன் பெயர் மாந்தேலி. பல ஆண்டுகளாக இங்கேயே வாழும் தமிழர்களும் அதை மாந்தேலி என்றே சொல்கிறார்கள். தமிழ்நாட்டுக் கரையில் சொல்லிக்கொள்ளும் அளவுக்குக் கிடைக்காத மீன் என்பதால் ஊரிலிருந்து அதற்கு ஒரு பெயரைக் கொண்டுவர வழியில்லாமல் போயிற்று.

பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். நெத்திலி பென்சில் போல உருண்டு நீண்டது. பக்கவாட்டில் ஒரு வெள்ளிக்கோடு ஓடும். மாந்தேலி தட்டையானது. தலைப்பக்கம் அகன்று, வாலை நோக்கிக் கத்தி முனைபோலக் கூராகிக்கொண்டே போகும். அடித்துடுப்பு பின்னால் நீண்டு வாலோடு சேர்ந்துவிடும். மார்புத் துடுப்பின் மேல் இழைகள் நூல்நூலாகப் பிரிந்து தொங்கும். வயிற்றின் ஓரமாக முத்துக் கோத்தாற்போலப் பொன்னிறப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். அவை ஒளி உறுப்புகள் என்று மீனியலார் எழுதியிருக்கிறார்கள். உடல் 15 முதல் 20 சென்டிமீட்டருக்குள் அடங்கும். கூரிய மூக்குக்குக் கீழே, முகத்துக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிய வாய். அந்த வாய்தான் நெத்திலிக் குடும்பத்தின் அடையாளம்.

இந்த மீனுக்கு அறிவியல் உலகில் கோய்லியா டுஸ்ஸூமியெரி என்று பெயர். 1848ல் அதை முதலில் விவரித்து எழுதியவர் வலென்சியென் என்ற பிரெஞ்சு விலங்கியலார். பெயரில் இருக்கும் டுஸ்ஸூமியே ஒரு வணிகர், கப்பல் பயணி. இந்தியப் பெருங்கடல் துறைமுகங்களில் சரக்கு ஏற்றி இறக்கிய நேரம் போக, கிடைத்த மீன்களையும் பறவைகளையும் சேகரித்துப் பாரிஸ் அருங்காட்சியகத்துக்கு அனுப்பியவர். மும்பையின் ஏழை வீட்டுக் குழம்புச் சட்டிக்கு ஒரு பிரெஞ்சு வியாபாரியின் பெயர் போய்ச் சேர்ந்தது இப்படித்தான்.

மீனியலார் இதுபோன்ற மீன்களை ஒட்டுமொத்தமாக இரைமீன் என்று குறிப்பிடுவதுண்டு. பெரிய மீன்களுக்கு இரையாவது இவற்றின் தலையெழுத்து என்ற பொருளில். சில இடங்களில் அது தூண்டிலுக்கும் பொருந்தும். லட்சத்தீவுகளின் தென்கோடியில் இருக்கும் மினிக்காயில் சூரை மீன் பிடிக்கப் போகும் படகுகள் முதலில் பவளத் திட்டுக்குள் நுழைந்து விரல் நீள மீன்களை உயிரோடு பிடித்துக்கொள்கின்றன. நடுக்கடலில் சூரைக் கூட்டம் தென்பட்டதும் அந்தக் குட்டி மீன்களை அள்ளி வீசுவார்கள். வெறிகொண்டு பாயும் சூரைகளைக் கழியும் தூண்டிலும் கொண்டு ஒவ்வொன்றாகத் தூக்கிப் போடுவார்கள். தென்தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் சமையலில் சேரும் மாசிக் கருவாடு அந்தச் சூரையிலிருந்து வருகிறது. குட்டி மீன் கிடைக்காத நாளில் படகு கடலுக்குப் போவதில் அர்த்தமில்லை. சிறுமீன் இல்லையென்றால் பெருமீன் இல்லை என்பதை மினிக்காய்க்காரர்கள் அன்றாடத் தொழிலில் கற்றிருக்கிறார்கள்.

மினிக்காயின் இரைமீன் கண்ணாடிபோலத் தெளிந்த நீரில் வாழ்வது. மாந்தேலி அதற்கு நேர் எதிர். அதற்குக் கலங்கல் வேண்டும்.

சௌராஷ்டிரக் கரையின் ஜாஃப்ராபாத் தொடங்கி மும்பை வரை கடல்நீர் நீலமாக இருப்பதில்லை. தேநீர் நிறம்தான். நர்மதையும் தபதியும் மாஹியும் சபர்மதியும் கொண்டுவரும் வண்டலைக் காம்பே வளைகுடாவின் ஓதம் நாளுக்கு இரண்டு முறை கலக்கி எடுக்கிறது. மும்பைக்கு அருகே உல்லாஸ் ஆறும் தன் பங்குக்கு மண்ணைக் கொண்டுவருகிறது. சுற்றுலாப் பயணிகள் ஜுஹுவில் நின்று முகம் சுளிக்கும் இந்தக் கலங்கல் அழுக்கல்ல. அதில் கரைந்திருக்கும் சத்துகளைத் தின்று கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் பெருகுகின்றன. நுண்பாசியைத் தின்பது கோப்பிபாட் என்ற கடுகளவு உயிரி. இவற்றோடு பெரும் படையாகத் திரிவது ஜவளா என்ற சின்னஞ்சிறு இறால். தமிழ்நாட்டுக் கடைகளில் சென்னாக்கூனி என்று காய்ந்து கிடக்கிறதே, அந்த வகை. கோப்பிபாடையும் ஜவளாவையும் தின்று வளர்வது மாந்தேலி. மாந்தேலியைத் தின்று வளர்வது மும்பையின் புகழ்பெற்ற பொம்பில். பொம்பிலையும் மாந்தேலியையும் தேடி கோல், தாரா போன்ற பெரிய மீன்கள் வரும்.

ஆக, கரையோரச் சேற்றிலிருந்து நட்சத்திர ஹோட்டல் தட்டு வரை ஓர் ஏணி போகிறது. அதில் நடுப்படி மாந்தேலி. மேல்படிகளுக்கு விலை அதிகம், பேச்சும் அதிகம். நடுப்படி உடைந்தால் மேலே எதுவும் நிற்காது.

இந்த இடத்தை மாந்தேலி தக்கவைத்துக்கொண்டிருப்பது எண்ணிக்கையின் பலத்தில். தனியாக நீந்தும் மாந்தேலி பிழைக்காது. அதனால் கூட்டமாகத்தான் திரியும். பக்கவாட்டு உணர்வால் அண்டை மீனின் அசைவை அறிந்து எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பும். நூற்றுக்கணக்கான உடல்கள் ஒருசேர மின்னும்போது துரத்தி வரும் மீனுக்கு எதைக் குறிவைப்பது என்று புரியாது. ஆயுள் இரண்டு, மூன்று ஆண்டுகள். அதனால் அவசர அவசரமாக வளர்ந்து, ஒரு வயதுக்குள்ளாகவே முட்டையிடத் தயாராகிவிடும். முட்டைகளைக் காவல் காக்கும் வழக்கமில்லை. நீரில் விட்டுவிடும். வெதுவெதுப்பான கடலில் அவை வெகுவிரைவில் பொரித்துக் குஞ்சாகும். இளம் குஞ்சுகளுக்குத் தீனியும் மறைவிடமும் கிடைப்பது கரையோரக் கலங்கல் நீரில். நல்லது கெட்டது எல்லாம் அங்கே தீர்மானமாகிவிடுகிறது.

கலங்கலையும் ஓதத்தையும் நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் கோலிகள். மும்பை என்ற பெயரே அவர்களது மும்பாதேவியிடமிருந்து வந்தது. ஏழு தீவுகளாகக் கிடந்த காலத்திலிருந்து மீன் பிடிப்பவர்கள். அவர்களது முக்கியக் கருவி டோல் வலை. பெரிய பைபோன்ற வலை. வாயில் கண்ணிகள் அகலம், வாலுக்குப் போகப்போகச் சுருங்கி விரல் நுழையாத அளவுக்கு வந்துவிடும். கடலடியில் மரக் கம்பங்களை அடித்து நிறுத்தி, ஓட்டத்துக்கு எதிராக வாயைத் திறந்து வைத்துக் கட்டிவிடுவார்கள். படகு மீனைத் துரத்த வேண்டியதில்லை. ஓதம் ஏறும்போதோ இறங்கும்போதோ நீரோடு இழுபடும் ஜவளா, பொம்பில், மாந்தேலி எல்லாம் பைக்குள் வந்து சேரும். ஓட்டம் நின்று திசை மாறும் சில நிமிட இடைவெளிக்குள் வலையை இழுத்துவிட வேண்டும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் ஓட்டம் பலம். அதனால் கோலி வீட்டு நாட்காட்டியில் கிழமையைவிடத் திதிக்கு மதிப்பு அதிகம்.

டோல் வலைக்கு எரிபொருள் செலவு குறைவு. கடலடியை உழுதெடுப்பதும் இல்லை. ஆனால் ஓட்டத்தோடு வருவதையெல்லாம் அள்ளிவிடும். அதில் முட்டையிடாத இளம் மீன்களும் உண்டு. இந்தக் குறையை விவரமறிந்த மீனவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

இனி தாராவிக்கு வரலாம். இன்று குடிசைகளாலும் தொழிற்கூடங்களாலும் அறியப்படும் இந்த இடம் முதலில் மீனவர் கிராமம். 1909ல் வெளியான பம்பாய் நகர கெஜட்டியர், தாராவியைப் பம்பாயின் ஆறு பெரிய கோலிவாடாக்களில் ஒன்று என்று பதிவு செய்திருக்கிறது. மாஹிம் கழியின் நீர் அப்போது வீட்டு வாசல் வரை வந்து போயிற்று. அந்த நீர் பின்வாங்கியது தானாக நடந்ததல்ல. 19ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சயன் பாதையும் 1840களில் மாஹிம் பாதையும் கழியின் குறுக்கே எழும்பின. ஓதம் உள்ளே வரும் வழி சுருங்கியது. சதுப்பு மேடாயிற்று. மேட்டில் ஆட்கள் குடியேறினார்கள்.

குடியேறியவர்களில் தமிழர்கள் முக்கியமானவர்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து 19ம் நூற்றாண்டின் கடைசியில் வந்தவர்கள் தோல் பதனிடும் தொழிலை வளர்த்தார்கள். நகரத்துக்கு வேண்டிய, ஆனால் நகரத்துக்குள் இருக்கக் கூடாத தொழில் அது. தொழிலுக்கு நீர் வேண்டும், கழிவை விட இடமும் வேண்டும். இரண்டுக்கும் கழி வசதியாக இருந்தது. அடுத்தடுத்து வந்த தலைமுறைகள் சதுப்பில் மண்ணும் குப்பையும் கொட்டி, காலடி நிலத்தைத் தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நகரம் அவர்களுக்கு வேறு நிலம் கொடுக்கவில்லை.

பெரிய நிரப்பல் அதற்குப் பிறகு எதிர்க்கரையில் நடந்தது. 1970களின் இறுதியில் தொடங்கி, சதுப்பு நிலத்தின் மேல் பாந்த்ரா–குர்லா வளாகம் உருவாயிற்று. வங்கிகளும் வைரச் சந்தையும் தூதரகங்களும் நிற்கும் இடத்தில் முன்பு அலையாத்தி மரங்கள் இருந்தன. நடுவில் ஓடும் மித்தி நதி இரு பக்கமும் நெருக்கப்பட்டது. விஹார், பவாய் ஏரிகளின் மிகைநீரைச் சுமந்து சுமார் 18 கிலோமீட்டர் ஓடி மாஹிமில் கடலைத் தொடும் நதி அது. மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில் அதில் ஓடுவது பெரும்பாலும் சாக்கடையும் தொழிற்சாலைக் கழிவும்.

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. மித்தி தன் பழைய அகலத்தைத் திருப்பிக் கேட்டது. அதற்குப் பிறகுதான் மும்பைவாசிகளில் பலருக்குத் தங்கள் நகரில் அப்படியொரு நதி இருப்பதே தெரியவந்தது.

தாராவிக் கோலிவாடாவில் இன்றும் கோலிகள் இருக்கிறார்கள். பழைய வீடுகள், ஹோலிக் கொண்டாட்டம், மீன் விற்கும் பெண்கள் எல்லாம் உண்டு. இல்லாதது மீன் பிடிக்கும் கழி. விற்கும் மீன், 1875ல் திறக்கப்பட்ட சசூன் டாக்கிலிருந்தோ பாவ்ச்சா தக்காவிலிருந்தோ விடியற்காலையில் ஏலத்தில் எடுத்து வண்டியேற்றிக் கொண்டுவந்தது. கடல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, மீன் நகரத்தைச் சுற்றிக்கொண்டு வருகிறது. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் தங்கள் கிராமத்தைக் குடிசைப் பகுதியாகக் கணக்கிடக் கூடாது என்பது கோலிகளின் வாதம். ‘நகரம் எங்களுக்குப் பிறகு வந்தது’ என்பது அந்த வாதத்தின் சாரம்.

இதைக் கேட்டு, சேற்றைக் காப்பாற்றுவது என்றால் சாக்கடையைச் சகித்துக்கொள்வதா என்று ஒருவர் கேட்கலாம். இங்கேதான் குழப்பம். சேறு வேறு, சாக்கடை வேறு. ஆறும் ஓதமும் கொண்டுவந்து படியவைக்கும் வண்டலில் உயிர் உண்டு. சாக்கடையிலும் சத்து இருக்கிறது என்பது உண்மை. வயலுக்குக் கொஞ்சம் உரம் போட்டால் பயிர் செழிக்கும், மூட்டை மூட்டையாகக் கொட்டினால் கருகும். அளவு மீறிய கழிவு அழுகும்போது நீரிலிருக்கும் பிராணவாயுவைத் தின்றுவிடுகிறது. மூச்சுவிட முடியாத நீரில் மாந்தேலிக் குஞ்சுக்கு எவ்வளவு தீனி இருந்து என்ன பயன்? நகர நிர்வாகங்கள் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. கழி நாறுகிறது, ஆகவே கழியை மூடு என்பதே நூற்றாண்டுகாலத் தீர்வாக இருந்துவருகிறது.

தாராவியிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது மாட்டுங்கா. மும்பைத் தமிழர்களின் இன்னொரு முகம். பூக்கடைகள், வாழையிலை, காபிப் பொடி வாசனை, ஆஸ்திக சமாஜம் கோயில், 1932ல் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கம். மரக்கறிச் சாப்பாட்டுக்குப் பெயர்போன இந்த வட்டாரத்தில் மாந்தேலி பற்றிப் பேசினால் எழுந்து போய்விடுவார்கள் என்று தோன்றும். ஆனால் மாந்தேலியின் ஓதம் மாட்டுங்காவையும் விட்டுவைப்பதில்லை.

ஜூலை மாதத்தில் கிங்ஸ் சர்க்கிள்வாசிகள் செய்தித்தாளில் முதலில் பார்ப்பது கடல் ஏற்றத்தின் நேரத்தையும் உயரத்தையும். 4.5 மீட்டருக்கு மேல் ஏற்றம் வரும் நாட்களை மாநகராட்சி முன்கூட்டியே அறிவிக்கிறது. அந்த நேரத்தில் பலத்த மழையும் சேர்ந்தால் கிங்ஸ் சர்க்கிளும் காந்தி மார்க்கெட்டும் குளமாகும். மும்பையின் மழைநீர்க் கால்வாய்கள் கடலில் கலக்கும் 186 வாய்களில் பெரும்பாலானவை ஏற்ற மட்டத்துக்குக் கீழே இருக்கின்றன. கடல் ஏறும்போது மழைநீர் வெளியேற முடியாது. வாயில் கதவு போட்டால் உள்ளே தேங்கும், திறந்து வைத்தால் கடல் உள்ளே வரும். முன்பு அந்த நீரைச் சதுப்பும் உப்பளங்களும் கழிகளும் சிறிது நேரம் வாங்கி வைத்துக்கொண்டன. அவை குறையக் குறைய, நீர் வாங்கும் வேலை சாலைக்கு வந்துவிட்டது.

2005 வெள்ளத்துக்குப் பிறகு கடலோரத்தில் எட்டு இடங்களில் பெரிய நீரேற்று நிலையங்கள் அமைப்பதென்று வேலை முடுக்கிவிடப்பட்டது. ஆறு கட்டி முடிக்கப்பட்டன. நிலப் பிரச்சினையில் நின்றுபோன இரண்டில் ஒன்று மாஹுல். கிங்ஸ் சர்க்கிள், சயன், வடாலா பகுதிகளின் வெள்ளத்தை வடிக்க வேண்டிய நிலையம் அது. கோலி தன் வலையைக் கட்டுவதற்காகக் கணக்குப் பார்க்கும் அதே ஓதத்தை, மாட்டுங்கா மாமி வீட்டுக்குள் தண்ணீர் வருமா என்று தெரிந்துகொள்ளக் கணக்குப் பார்க்கிறார். மீனையே தொடாதவருக்கும் மீனின் வீடு அவசியமாகிறது.

மாட்டுங்காவின் தண்ணீர் போய்ச்சேர வேண்டிய மாஹுல் கழி செம்பூருக்குப் பக்கம். செட்டா நகர் முருகன் கோயிலும் ஃபைன் ஆர்ட்ஸ் சங்கக் கச்சேரிகளும் செம்பூரின் தமிழ் அடையாளங்கள். கிழக்கே போனால் காட்சி மாறுகிறது. மாஹுலில் 1950களில் வந்த எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள், டிராம்பேயில் அணு ஆராய்ச்சி மையம், உர ஆலை, மின் நிலையம். இவற்றுக்கும் கடலுக்கும் நடுவே மாஹுலிலும் டிராம்பேயிலும் பழைய கோலிவாடாக்கள். இறங்கு ஓதத்தில் படகுகள் சேற்றில் சாய்ந்து கிடக்கும். அலையாத்தியின் மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து பென்சில் முனைகளாக நீட்டிக்கொண்டிருக்கும்.

தேவ்னார் குப்பைமேடும் இங்கேதான். 1927லிருந்து மும்பை தன் குப்பையைத் தாணே கழியின் ஓரத்தில் கொட்டி வந்திருக்கிறது. தாராவியின் மறுசீரமைப்பில் இடம் கிடைக்காதவர்களுக்கு வீடு கட்ட, இந்தக் குப்பைமேட்டில் சுமார் 124 ஏக்கரை ஒதுக்க 2024ல் மாநில அரசு முடிவு செய்தது. ஒரு கழியின் ஓரத்தில் நிலம் உண்டாக்கி வாழ்ந்தவர்கள் இன்னொரு கழியின் ஓரத்துக்குப் போக நேரிடலாம். மும்பையில் ஏழைக்கும் மாந்தேலிக்கும் ஒதுக்கப்படும் இடம் எப்போதும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கிறது.

ஆனாலும் தாணே கழி சாகவில்லை. குளிர்காலத்தில் சிவ்ரிக்கும் மாஹுலுக்கும் இடைப்பட்ட சேற்றுத் திட்டுகளில் ஆயிரக்கணக்கான பூநாரைகள் வந்து இறங்குகின்றன. தலையைக் கவிழ்த்து அவை அரித்தெடுப்பது சேற்றிலிருக்கும் பாசியை. 2015ல் கழியின் ஒரு பகுதி, ஏறத்தாழ 16.9 சதுர கிலோமீட்டர், பூநாரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022ல் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. அலையாத்தியை அழிக்கக் கூடாதென்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2005ல் இடைக்கால உத்தரவும் 2018ல் இறுதித் தீர்ப்பும் தந்தது. மரங்களைக் கவனிக்க 2012ல் மாநில அரசு தனிப் பிரிவே தொடங்கியது. இளஞ்சிவப்புப் பறவைக்காக எல்லோரும் கேமராவோடு வருகிறார்கள். அதே சேற்றில் தீனி தேடும் மீன் குஞ்சை யாரும் படம் எடுப்பதில்லை. பறவையைக் காக்கும் சட்டத்தில் அதற்கும் ஒதுங்க இடம் கிடைத்திருப்பதில் கோலிகளுக்குக் கொஞ்சம் நிம்மதி.

கழிக்கு வரும் ஆபத்து எவ்வளவு வேகமாக மீன்சந்தைக்கு வந்து சேரும் என்பதை 2010 காட்டியது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 7 அன்று மும்பைத் துறைமுகத்துக்கு வெளியே எம்.எஸ்.சி. சித்ரா, காலிஜியா என்ற இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. கசிந்த எண்ணெய் அலையாத்திக் காடுகளுக்குள் படிந்தது. மழைக்காலத் தடைக்குப் பிறகு பருவம் தொடங்க வேண்டிய நேரம். மீன் வாங்கவே மக்கள் பயந்தார்கள். மீனவர்கள் கரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

இழப்புக்குக் கணக்குக் கேட்கும் வழக்கமும் மெல்ல வந்திருக்கிறது. தாணே கழியின் மேல் மூன்றாவது வாஷி பாலம் கட்டுவதால் தங்கள் தொழில் பாதிக்கும் என்று ஒரு மீனவர் கூட்டுறவுச் சங்கம் நீதிமன்றம் போயிற்று. இழப்பீடு தரவும் அதற்கொரு கொள்கை வகுக்கவும் பம்பாய் உயர் நீதிமன்றம் 2021ல் உத்தரவிட்டது. கழி யாருடைய சொத்துமல்ல, ஆகவே யாருக்கும் நஷ்டமில்லை என்ற பழைய வாதம் அந்தத் தீர்ப்பில் அடிபட்டுப்போயிற்று.

சரி, மாந்தேலி இத்தனை வேகமாகப் பெருகுகிறதே, எதற்குக் கவலை? இந்தக் கேள்விக்குப் பசிபிக் கடலில் பதில் இருக்கிறது. பெரு நாட்டுக் கரையில் கிடைக்கும் நெத்திலி இனமொன்று 1970ல் சுமார் 1.3 கோடி டன் பிடிபட்டது. உலகிலேயே மிகப் பெரிய மீன்பிடிப்பு. பெரும்பகுதி கோழிக்கும் பன்றிக்கும் தீவனமாக அரைக்கப்பட்டது. 1972ல் எல் நினோ வந்து கடல் சூடாயிற்று. அளவுக்கு மீறிப் பிடித்ததும் சேர்ந்துகொள்ள, 1973ல் பிடிப்பு 20 லட்சம் டன்னுக்கும் கீழே விழுந்தது. பழைய நிலைக்கு வர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. சீக்கிரம் பிறந்து சீக்கிரம் சாகும் மீனுக்குச் சேமிப்பு கிடையாது. இரண்டு பருவம் குஞ்சு தப்பாவிட்டால் மூன்றாவது பருவத்தில் வலை காலி.

மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை இயந்திரப் படகுகள் கடலுக்குப் போகத் தடை. தமிழ்நாட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை உள்ள தடைபோல. சிறிய மீனைப் பிடிக்காதே என்று சொல்ல 2023ல் மகாராஷ்டிர அரசு 54 வகை மீன்களுக்குக் குறைந்தபட்ச அளவு நிர்ணயித்தது. சொல்வது சுலபம். கலங்கல் நீரில் கட்டிய வலைக்குள் யார் பெரியவர், யார் சிறியவர் என்று ஓதம் பார்த்து அனுப்புவதில்லை. வலைக் கண்ணியைப் பெரிதாக்கினால் ஜவளா நழுவிவிடும், வருமானமும் நழுவிவிடும். இந்தக் கணக்கில் மீனவர் தலையில் மட்டும் பழியைப் போடுவதும் நியாயமில்லை. குஞ்சு வளரும் கழியில் பாதியை நகரம் மூடிவிட்டு, மீதிப் பாதியில் சாக்கடையை விட்டுவிட்டு, வலையின் கண்ணியை மட்டும் அளந்துகொண்டிருந்தால் போதாது.

மாந்தேலி குறைந்தால் யாருக்கு நஷ்டம்? பணம் உள்ளவர் வேறு மீன் வாங்கிக்கொள்வார். மாந்தேலியை முள்ளோடு மென்று தின்னும் வீடுகளில் அது ஒரே நேரத்தில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும். கோலி வீட்டில் மிளகாய், மஞ்சள், கோகம் தடவி, அரிசி மாவிலோ ரவையிலோ புரட்டி மொறுமொறுவென்று வறுக்கிறார்கள். தாராவியின் தமிழ்ச் சமையலறையில் அது புளிக் கரைசலில் நெத்திலிக் குழம்பின் வேஷம் போடுகிறது. மழைக்காலத்தில் பச்சை மீன் வராத இரண்டு மாதங்களுக்குக் கருவாடு. வெசாவேயிலும் வசையிலும் பொம்பில் மூங்கில் கொடிகளில் தொங்கிக் காயும்போது, மாந்தேலியும் ஜவளாவும் கீழே விரித்த பாயில் காய்கின்றன. மரோல் கருவாட்டுச் சந்தைக்கு அது வந்து சேரும்போது நிறம் மங்கியிருக்கும், வாசம் கூடியிருக்கும். கத்தரிக்காயோடு சேர்ந்து ஒரு கைப்பிடிக் கருவாடு ஒரு சட்டிச் சோற்றைக் காலி செய்துவிடும்.

சிராவண மாதப் பௌர்ணமியில், நாரளிப் பூர்ணிமா அன்று, கோலிகள் கடலுக்குத் தேங்காய் விட்டு வணங்கிப் படகைத் தள்ளுகிறார்கள். இந்த ஆண்டு சீற்றம் தணிந்து மீன் கொடு என்பது வேண்டுதல். கடல் தன் பங்கைத் தவறாமல் செய்துகொண்டுதான் இருக்கிறது. நாளுக்கு இரண்டு முறை ஏறி வந்து, கழி இருக்கும் இடத்தில் வண்டலைப் படியவிட்டு இறங்கிப் போகிறது. கழி இல்லாத இடத்தில் கான்கிரீட் சுவரில் மோதிவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறது.